ஸ்கேனில் நார்மல், சீன வைத்தியரோ மண்ணீரல் பலவீனம் என்கிறார்

அசதி என்று போனபோது சிங்கப்பூர் சீன வைத்தியர் மண்ணீரல் பலவீனம் என்றார், ஸ்கேனில் ஒன்றுமில்லை, யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், இருவரும் பேசுவது ஒரே பொருளைப் பற்றி அல்ல.

ஸ்கேனில் தெரிவது இடது விலாவுக்கு அடியில் சுமார் 150 கிராம் எடையில் இருக்கும் உறுப்பு. பழைய சிவப்பணுக்களை வடிகட்டும், தொற்றை எதிர்க்கும். செரிமானத்தில் அதற்கு வேலையே இல்லை. விபத்தில் அதை எடுத்துவிட்டவர்களுக்கும் சோறு செரிக்கத்தான் செய்கிறது. தொற்று அபாயம்தான் கூடும், அதனால் தடுப்பூசி போடுவார்கள்.

சீன மருத்துவத்தின் மண்ணீரலோ உணவைச் சக்தியாகவும் ரத்தமாகவும் மாற்றி உடம்பெங்கும் அனுப்பும் வேலையைக் குறிக்கிறது. உப்புசம், அசதி, இளகிய மலம், நாக்கோரத்தில் பல் தடம் இருந்தால் அப்படிச் சொல்வார்கள்.

ஆனால் உங்கள் அசதி நிஜம். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். அப்புறம், மூலிகை சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.