ரத்தக்கசிவுக்கு அப்புறம் மறதி... குரோத் ஃபேக்டர் ஊசி போடலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 54 வயசு. எட்டு மாசம் முன்னாடி மூளையில ரத்தக்குழாய் வீங்கி வெடிச்சு, ஆபரேஷன் பண்ணி கிளிப் போட்டாங்க. எங்க கல்யாணத்துல நடந்ததெல்லாம் அப்படியே சொல்றார், ஆனா காலையில இட்லி சாப்பிட்டுட்டு மத்தியானம் கேட்டா, கடைக்குப் போய் பொங்கல் சாப்பிட்டேங்கிறார், வீட்டை விட்டே போகல. குரோத் ஃபேக்டர் ஊசி போட்டா மூளை செல் திரும்ப வளரும்னு ஒருத்தர் சொல்றார். நகையை அடகு வெச்சாதான் முடியும். போடலாமா டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நகை பீரோவுலயே இருக்கட்டும்மா. அவர் பொய் சொல்றார்னு மட்டும் நினைச்சிடாதீங்க, ஞாபகத்துல ஓட்டை விழுந்த இடத்தை மூளை தானாவே எதையாவது வெச்சு அடைக்குது, முன்பக்க ரத்தக்குழாய் வெடிச்சவங்ககிட்ட இதை நிறைய பாக்கலாம்.

குரோத் ஃபேக்டர்ங்கறது நிஜமான விஷயம்தான், நரம்பு செல்லை வளர வைக்கிற புரதம், அதைக் கண்டுபிடிச்ச ரீட்டா லெவி மோண்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-ல நோபல் பரிசே கொடுத்தாங்க. சிக்கல் என்னன்னா, கையில ஊசியா போட்டா இவ்வளவு பெரிய புரதம் ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள போறது ரொம்ப கஷ்டம், நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. ஸ்வீடன்ல அல்சைமர் நோயாளிங்க மூணு பேருக்கு மண்டைக்குள்ளயே டியூப் வெச்சு செலுத்திப் பார்த்தாங்க, முதுகுவலியும் எடை குறையறதும்தான் பெரிய தொல்லையா வந்துச்சு. ஜெர்மனியில அடைப்பு வந்த ஸ்ட்ரோக்குக்கு எரித்ரோபாய்ட்டின்னு, ரத்தச் சிவப்பணுவை வளர வைக்கிற இன்னொரு குரோத் ஃபேக்டரைக் கொடுத்துப் பார்த்தாங்க, 2009-ல ரிசல்ட் வந்தப்போ மருந்து வாங்கினவங்கள்லதான் இறந்தவங்க அதிகம். பன்னி மூளையில இருந்து எடுக்கற ஊசி மருந்து ஒண்ணு நம்ம ஊர்லயும் போடறாங்க, அதுல மறதி போயிடும்னு நம்பி கடன் வாங்கற அளவுக்கு ஆதாரம் இல்ல.

அதைவிட அவசரமா ஒரு வேலை இருக்கு. அவர் நடக்கறப்போ பாதம் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி இழுத்து இழுத்து நடக்கறாரா, யூரின் தெரியாம போகுதா? இந்த மாதிரி ரத்தக்கசிவுக்கு அப்புறம் மூளையில நீர் தேங்கறது உண்டு, மறதியும் அதோட சேர்ந்து வரும், சி.டி. ஸ்கேன்ல தெரிஞ்சிடும், ஷண்ட்னு ஒரு டியூப் வெச்சு வடிச்சா நல்லா தேறி வர்றவங்க இருக்காங்க. இந்த வாரமே ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்ட டிஸ்சார்ஜ் சம்மரியோட போங்க. தைராய்டு, பி12, பிட்யூட்டரி ஹார்மோன் டெஸ்ட்டும் கேளுங்க, வலிப்பு மாத்திரை போட்டா அதையும் சொல்லுங்க, சிலது மந்தமாக்கும்.

வீட்டுல 'காலையில என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க பாப்போம்'னு பரீட்சை வெக்காதீங்க. தப்பா சொன்னா அந்தத் தப்புதான் மனசுல பதியும். 'இட்லி சாப்பிட்டீங்க'ன்னு நீங்களே சொல்லிடுங்க, சட்டைப் பையில ஒரு சின்ன நோட்டு, பேனாவை நூல்ல கட்டி விட்டு, கை கழுவினதும் அவர் கையாலயே எழுத வைங்க. முதல் மாசம் எழுதினதையே மறப்பார், விடாதீங்க.

டாக்டர் சரின்னா பி.பி.யை கன்ட்ரோல்ல வெச்சுக்கிட்டு தினம் வாக்கிங் கூட்டிட்டுப் போங்க. அமெரிக்காவுல 55 வயசு தாண்டின 120 பேரை வெச்சு ஒரு ஆய்வு, 2011-ல வந்துச்சு, வாரம் மூணு நாள் 40 நிமிஷம்னு ஒரு வருஷம் நடந்தவங்களுக்கு ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருசாச்சு. அவங்க ரத்தக்கசிவு வந்தவங்க இல்ல, அதனால அதே பலன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா இதுக்கு அடகுக்கடைக்குப் போக வேண்டியதில்ல. ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கம்மா.