மொட்டை மாடிப் பூந்தோட்டம்: பங்குனிக் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி மல்லிகையைப் பற்றியவை. மல்லிக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக, கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

யூடியூபில் "வசந்தம் வந்தாச்சு, விதை போடுங்க" என்று பார்த்துவிட்டு ஆன்லைனில் ஒரு பாக்கெட் வாங்கினேன். பேன்சி, பெட்டூனியா, இரண்டு டூலிப் கிழங்கு. மூன்று வாரமாகிறது. பேன்சி முளைக்கவே இல்லை, பெட்டூனியா முளைத்துச் சுருண்டுவிட்டது, கிழங்கு அழுகிவிட்டது. என் கைராசியா?
*வாசகி, மடிப்பாக்கம்*

கைராசி இல்லை அம்மா, காலண்டர். அந்த வீடியோ எடுத்தவர் ஊரில் இப்போதுதான் பனி உருகியிருக்கும். நம் பழைய கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். அந்த இளவேனிலுக்கு நட்டநடுவில்தான் மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி வெயில் வந்து உட்காருகிறது! சென்னையில் பங்குனி என்பது நடுகிற மாதத்தைவிட இருப்பதைக் காப்பாற்றுகிற மாதம். புதுச்செடி நட நான் தை மாதத்தைத்தான் பார்ப்பேன். அதை விட்டால் ஆடி.

டூலிப் கிழங்குக்குப் பல வாரங்கள் கடுங்குளிர் வேண்டும். ஸ்ரீநகர்க் குளிரில் கிடந்து பூக்கிற பூ அது. மடிப்பாக்கத்தில் அதை ஃப்ரிட்ஜில்தான் குடிவைக்க வேண்டும். பேன்சியும் பெட்டூனியாவும் நமக்கு மார்கழிச் செடிகள். மீதி விதையை ஈரம் படாத டப்பாவில் போட்டு வையுங்கள். மழை ஓய்ந்த பிறகு எடுக்கலாம்.

இப்போது விதைத்தே தீர வேண்டும் என்றால் ஜினியா, கோழிக்கொண்டை, வாடாமல்லி, சங்குப்பூ. நாலும் வெயிலுக்குப் பிறந்தவை. சங்குப்பூ விதையின் தோல் கெட்டி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறட்டும். துலுக்கச் சாமந்தியும் போடலாம், நாலைந்து நாளில் முளைத்துவிடும். ஆனால் வைகாசி வெயிலில் பூ சிறுத்துத்தான் வரும், அதற்கு என்னைத் திட்டக்கூடாது. டேபிள் ரோஸுக்கு விதையே வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் ஒரு விரல் நீளக் காம்பு கேட்டு வாங்கிக் குத்தி வையுங்கள்.

குண்டுமல்லி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. கொடி மாதிரி நீண்டு போகிறதே தவிர மொட்டு இல்லை. புது இலை எல்லாம் மஞ்சளாக வருகிறது. மாதாமாதம் உரம் போடுகிறேன். தினமும் இரண்டு வேளை தண்ணீர். இன்னும் என்ன செய்ய வேண்டும்?
*வாசகர், திருவான்மியூர்*

சார், செய்வதைக் குறைக்க வேண்டும்.

முதலில் மஞ்சளைப் பார்ப்போம். நுனியிலிருந்து இரண்டாவது இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நரம்பு மட்டும் பச்சையாக, நரம்புக்கு நடுவில் இருப்பது எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று அர்த்தம். அடியிலிருக்கும் பழைய இலை முழுசாக மஞ்சளடித்து உதிர்ந்தால் அது வேறு கதை. தழைச்சத்துக் குறைவாக இருக்கும், இல்லையென்றால் வேர் தண்ணீரில் நின்று மூச்சுமுட்டுகிறது. நீங்கள் எழுதியிருப்பது புது இலை, அதனால் முதல் சந்தேகம் இரும்பு.

மண்ணில் இரும்பு இல்லாமல் போகாது. உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். அதையே தினம் இரண்டு வேளை ஊற்றினால் மண் காரமாகிவிடும். காரமான மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள், உங்கள் வீட்டுப் பாத்ரூம் குழாயில் படிகிற அதே உப்புதான். இந்த நிலையில் உரத்தைக் கூட்டினால் உப்பைக் கூட்டுவதாகத்தான் முடியும்.

என்ன செய்யலாம்? ஒரு நாள் காலையில் மெட்ரோ வாட்டரோ பிடித்து வைத்த மழைநீரோ எடுத்து, தொட்டியின் அடி ஓட்டை வழியாக நன்றாக வெளியேறும்வரை மூன்று நாலு தடவை நிதானமாக ஊற்றுங்கள். உப்பு கழுவிக்கொண்டு போகும். அதற்கப்புறம் முடிந்தவரை ஏசி தண்ணீரை ஊற்றுங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம், அதில் உப்பு கிடையாது. பங்குனி முதல் ஆடி வரை என் வீட்டில் அந்தக் குழாயின் கீழே எப்போதும் ஒரு பக்கெட் நிற்கும். ஆர்.ஓ. மெஷின் கழித்து ஊற்றுகிறதே, அந்தத் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள். போர் தண்ணீரை விட மோசம். சிக்கனம் என்று நினைத்து ஊற்றித்தான் பலர் செடியைக் கொல்கிறார்கள்.

இலைக்கு உடனடியாக இரும்புச்சத்து தர அன்னபேதி. உரக்கடையில் ஃபெரஸ் சல்ஃபேட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். லிட்டருக்கு 5 கிராம், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. கரைத்த அன்றே, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் துருவாகிவிடும். பத்துப் பதினைந்து நாள் விட்டு இன்னொரு தடவை. மஞ்சளான பழைய இலை பச்சையாகிறதா என்று காத்திருக்காதீர்கள், அடுத்து வரும் துளிரைப் பாருங்கள். இன்னொன்று: தரையில் சிந்தவிடாதீர்கள். நங்கநல்லூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டு மாடியில் புதிதாக வெள்ளை டைல்ஸ் போட்ட மாசம் நான் அன்னபேதி தெளித்தேன். சிந்திய இடமெல்லாம் காபிக் கறை மாதிரி பிடித்துக்கொண்டது. ஆசிட் வாங்கித் தேய்த்தும் போகவில்லை. வீட்டுக்காரம்மா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மல்லி மட்டும் அந்த வருஷம் அமோகம். பூவைக் கொண்டு கொடுத்துத்தான் பேச வைத்தேன்.

அடுத்து மொட்டு. மல்லி புதுத்துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். உங்கள் கொடியில் பழைய கிளை நீண்டுகொண்டே போகிறது, பக்கத்துளிர் இல்லை, அப்புறம் மொட்டு எங்கே வரும்? வயலில் குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். கவாத்து என்று பேர். இலைகளையும் உருவிவிடுவது உண்டு, செடி ஓய்வெடுத்து மாசியில் எழுந்திருக்கும். அந்த மாதிரிப் பெரிய வெட்டு இப்போது வேண்டாம், வெயிலில் மொட்டைக்கிளை காய்ந்துவிடும். நீண்ட நுனிகளை மட்டும் நாலு விரற்கடை கிள்ளுங்கள். குச்சியாகிப்போன கிளை, குறுக்கே போகிற கிளை, பூத்து முடிந்த நுனி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கிள்ளின இடத்துக்குக் கீழே ஒவ்வொரு கணுவிலும் இரட்டைத் துளிர் வரும், நுனியில் மூன்று மொட்டாகக் கட்டும். நடுமொட்டு முதலில் பருக்கும், இரண்டு பக்கமும் தம்பிகள் மாதிரி பின்னால் வரும். ஒவ்வொரு சுற்றுப் பூ முடிந்ததும் இப்படிக் கிள்ளிக்கொண்டே வந்தால் ஆனி வரை பூ இருக்கும்.

வெயில் ஆறு மணி நேரம் படுகிறதா? படவில்லையென்றால் நான் மேலே எழுதினது எதுவும் உதவாது, தொட்டியை நகர்த்துங்கள். உரம் மாதத்துக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு போதும். யூரியா வேண்டாம். இலை தளதளவென்று வரும், மொட்டு வராது. தண்ணீர், விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும்.

மொட்டு வயலட் நிறமாகி, ஓட்டை விழுந்து, கையோடு வந்தால் அது மொட்டுப்புழு. குரோம்பேட்டை வாசகியும் இதைத்தான் கேட்டிருக்கிறார். புழு விழுந்த மொட்டைச் செடியடியில் போடாமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்பு, வாரம் ஒரு முறை சாயங்காலம் தெளியுங்கள்.

"மதுரை மல்லி" என்று சொல்லி விற்கிறவர்களைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நானும் ஏமாந்தவள்தான். ஒரு நர்சரியில் இரட்டை விலை கொடுத்து வாங்கினேன், பூத்தபோது ஒற்றை அடுக்கு. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது மதுரை வட்டாரத்து மண்ணுக்கும் சேர்த்துத்தான். இத்தனைக்கும் அங்கே நடுகிற பதியன் கன்றுகளில் நிறைய ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து போவது. நம் மாடியில் வளர்ந்தால் அது நம் ஊர் மல்லி, அவ்வளவுதான். பேருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது. எறும்பும் ஊர்கிறது. எறும்புப் பொடி போட்டேன், பஞ்சு போகவில்லை.
*வாசகி, அம்பத்தூர்*

பஞ்சு இல்லை, மாவுப்பூச்சி. அது கழிக்கிற இனிப்புத் தண்ணீருக்காகத்தான் எறும்பு வருகிறது. சும்மா வருவதும் இல்லை, மாடு மேய்க்கிற மாதிரி பூச்சிக்குக் காவல் இருக்கும். மொத்தமாக அப்பிய நுனிகளை வெட்டிக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மீதியில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், இலையின் அடிப்பக்கம் முக்கியம். மேலே சொன்ன வேப்பெண்ணெயை வாரம் ஒன்றாக மூன்று வாரம். ஒரு தடவை அடித்துவிட்டு "போகவில்லை" என்று எழுதக்கூடாது. அந்தப் பஞ்சுக்குள்தான் முட்டை, இன்றைக்குத் தப்பினது அடுத்த வாரம் பொரியும்.

பெரம்பூரில் வாடகை ஃபிளாட். பால்கனியில் காலையில் இரண்டு மணி நேரம்தான் வெயில். தலையில் வைக்கிற பூவாக ஏதாவது வளர்க்க முடியுமா அக்கா?

கனகாம்பரம். கொஞ்சம் நிழல் தாங்குகிற, தலையில் வைக்கிற பூ என்றால் எனக்குத் தெரிந்து அதுதான் முதல். முழு வெயிலில் பூக்கிற அளவு எதிர்பார்க்காதீர்கள், வாரத்துக்கு இரண்டு நாள் தொடுக்கிற அளவு வரும். டெல்லி கனகாம்பரம் என்று செங்கல் நிறத்தில் ஒன்று இருக்கிறது. விதை கட்டாது, குச்சி வைத்துத்தான் வளர்க்க வேண்டும். சாதா ஆரஞ்சு நிறம் என்றால் விதையிலேயே வரும். காய்ந்த கதிரை உருவி ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷம் சும்மா இருக்கும், அப்புறம் பட்பட்டென்று வெடித்து விதை மூஞ்சியில் அடிக்கும். சின்ன வயதில் வகுப்பில் எச்சில் தொட்டு வெடிக்க வைத்து முட்டி போட்டிருக்கிறேன்.

மே மாதம் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். முப்பது தொட்டி. பக்கத்து வீட்டில் சொல்லச் சங்கடமாக இருக்கிறது.
*வாசகர், வளசரவாக்கம்*

சங்கடப்படாமல் சொல்லுங்கள். கத்திரியில் பத்து நாள் மொட்டை மாடியில் எந்தத் தந்திரமும் தாங்காது. மூன்று நாளுக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று அவருக்கு வேலையைக் குறைத்துக் கொடுக்கலாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தொட்டிகளை எல்லாம் மாடிப்படிச் சுவரின் கிழக்குப் பக்கம் நெருக்கமாக ஒட்டி வையுங்கள். மேலே 50 சதவீத ஷேட் நெட், அதாவது பாதி வெயிலை மறைக்கிற நிழல்வலை கட்டுங்கள். மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய் மட்டைத் துண்டோ காய்ந்த இலையோ பரப்புங்கள். பூவையும் மொட்டையும் கிள்ளி எடுத்துவிடுங்கள், பூவோடு இருக்கிற செடிக்குத் தாகம் அதிகம்.

அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போவது மட்டும் கூடாது. டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும். நீங்கள் வருவதற்குள் மாநகராட்சி ஆள் வந்து கதவைத் தட்டியிருப்பார்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் மறக்காமல் ஒன்று சொல்லுங்கள். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது வெந்நீர். கை வைத்துப் பார்த்து, ஆறின தண்ணீர் வந்த பிறகுதான் செடிக்குத் திருப்ப வேண்டும். காலை ஏழரைக்குள் ஊற்றினால் இந்தத் தொல்லையே இல்லை.

பொங்கலுக்கு வாங்கின சாமந்தித் தொட்டி, அன்றைக்கு நாற்பது பூ. இன்றைக்கு ஒன்றுமில்லை. உரம் போட்டால் பூக்குமா?
*வாசகி, கொளத்தூர்*

பூக்காது. சாமந்திக்கு ராத்திரி நீளமாக இருந்தால்தான் மொட்டு வைக்கத் தோன்றும். இனி ஆனி வரை பகல்தான் நீளும். எத்தனை உரம் போட்டாலும் இலைதான். காய்ந்த பூத்தண்டை அடியோடு வெட்டிவிட்டு, பக்கத்தில் முளைத்திருக்கும் குட்டிக் கன்றுகளை வேரோடு பிரித்துத் தனித்தொட்டியில் வையுங்கள். மதிய வெயில் படாத இடமாக இருக்கட்டும். ஆடி, ஆவணியில் இரண்டு முறை நுனி கிள்ளினால் புதராக வரும், கார்த்திகையில் மொட்டு பார்க்கலாம். ஐப்பசியிலிருந்து தெருவிளக்கு வெளிச்சம் அதன் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் புது எல்.இ.டி. விளக்கு போட்ட வருஷம் கைப்பிடிச்சுவர் ஓரம் இருந்த மூன்று தொட்டி மட்டும் பூக்கவே இல்லை. தண்ணீர்த் தொட்டி நிழலில் இருந்ததெல்லாம் பூத்தது. காரணம் புரிவதற்குள் பொங்கல் வந்துவிட்டது, கடையில்தான் பூ வாங்கினேன்.