இதுவும் பேறுகால நோய்தான்

வணக்கம் அம்மா,

என் மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள். சுகப்பிரசவம், பெண் குழந்தை. இரண்டரை மாதம் ஆகிறது. தூளியில் குழந்தை வீறிட்டு அழுதாலும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. "அம்மாவா இருக்க எனக்குத் தகுதி இல்லப்பா" என்கிறாள். "நான் மூணு பெத்தேன், எனக்கு இதெல்லாம் வந்துச்சா?" என்று என் மனைவி கடிந்துகொள்கிறாள். இது நிஜமாகவே நோயா?

ஒரு தகப்பன், மன்னார்குடி

அன்புள்ள ஐயா,

நோய்தான், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. பிரசவமான முதல் வாரத்தில் காரணமில்லாமல் கண் கலங்குவது பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு. இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். உங்கள் மகள் அதை எப்போதோ தாண்டிவிட்டாள். குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியவில்லை என்கிறீர்களே, அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் மனைவியின் காலத்திலும் இது இருந்தது. பச்சை உடம்பில் காத்து கருப்பு அண்டிவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பதற்கென்றே 1987இல் ஸ்காட்லாந்தில் பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை உருவாக்கினார்கள், தமிழிலும் இருக்கிறது. இந்தியத் தாய்மாரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த மனச்சோர்வு வருவதாக 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். பெண் குழந்தை என்றதும் மாப்பிள்ளை வீட்டில் யாராவது முகம் சுளித்தார்களா? கோவாவில் நடந்த ஆய்வு ஒன்றில், பெண் பிறந்த தாய்மாருக்கே இந்த ஆபத்து கூடுதல் என்று தெரிந்தது. கணவனோடு சுமுகம் இல்லாததும் அதில் ஒரு காரணம். மாப்பிள்ளை எத்தனை முறை வந்து பார்த்தார், வந்தால் என்ன பேசினார் என்று மகளிடம் தனியாக விசாரியுங்கள். சொல்லத் தயங்குவாள். அவசரப்படுத்தாதீர்கள்.

அந்தப் படிவத்தின் பத்தாவது கேள்வி, தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதையும் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். யாருக்கும் கேட்காத குரல் தனக்குக் கேட்கிறது என்றாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசினாலோ அதுவும் அவசரம்தான். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

இல்லை என்றாலும் இந்த வாரமே திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் கோளாறு இருந்தாலும் இப்படிச் சோர்வு வரும். மாத்திரை கொடுத்தால் பயப்பட வேண்டாம், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடியவை இருக்கின்றன. பாதியில் மட்டும் நிறுத்தக் கூடாது.

அப்புறம், மனைவியோடு சண்டை போடாதீர்கள். பிள்ளை மருந்து இடித்து, குழந்தையைக் குளிப்பாட்டி, ராத்திரி கண் விழிப்பது பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும். இன்று முதல் ராத்திரியில் பாதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப்போங்கள். மகளுக்கு என்னவென்று டாக்டர் சொல்வதை அவர் தன் காதாலேயே கேட்கட்டும்.