மகள் பையோடு வந்து நிற்கிறாள், என்ன செய்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டு வன்முறை பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், அடி வாங்கும் பெண்கள் எழுதியவை இல்லை. தாய், தம்பி, மாமி, அடுத்த வீட்டுக்காரர் எழுதியவை. அதில் ஆச்சரியம் இல்லை. திருகோணமலையில் ஒரு பெண் பொலிசுக்கோ கோட்டுக்கோ போகும் முன் எத்தனையோ பேரின் விறாந்தையில் உட்கார்ந்து எழும்பியிருப்பாள். அங்கே அவள் காதில் விழும் முதல் வார்த்தையைப் பொறுத்துத்தான் அடுத்து எங்கே போவாள் என்பதே இருக்கிறது.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் எடுத்த கணிப்பில், துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதம் பேர் அந்தத் துணையிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர். 'எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி' என்று எழுதியவர்கள் அந்த வரியை வெட்டிவிடலாம். ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மூத்த மகள் இரண்டு பிள்ளைகளோடு மூன்றாவது தடவையாக வீட்டுக்கு வந்துவிட்டாள். கன்னம் வீங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பேச வருகிறார்கள். சமாதானமாக அனுப்பி வை என்கிறார் என் கணவர். இளையவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். என்ன செய்யட்டும்? (தாய், உப்புவெளி)

அம்மா, முதலில் ஞாயிற்றுக்கிழமைக் கதையைப் பார்ப்போம். அது எப்படி நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஹோலில் பிளாஸ்டிக் கதிரைகள், எல்லோருக்கும் தேத்தண்ணி. மாப்பிள்ளை தலை குனிந்து ஒரு மூலையில். மாமா ஒருவர் தொண்டையைச் செருமிவிட்டு, "சொல்லு பிள்ள, என்ன பிரச்சினை?" என்று எல்லோர் முன்னிலும் கேட்பார். உங்கள் மகள் புருசனை ஒரு தடவை பார்ப்பாள். "ஒண்டும் இல்ல மாமா" என்பாள். கதை முடிந்தது, வேனில் ஏற்றி அனுப்புவார்கள்.

அடித்தவரையும் அடிபட்டவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து உண்மையைக் கேட்க முடியாது. பேச்சுவார்த்தை வேண்டாம் என்று உங்களால் மறுக்க முடியாவிட்டால் ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்லுங்கள்: மகள் அந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டாள், அன்றைக்கு அவளை அனுப்பவும் மாட்டோம். அதற்கு முன் நீங்கள் அவளோடு தனியாக இருங்கள், குசினியிலோ கிணற்றடியிலோ. "நீ என்ன செய்தனி?" என்று தொடங்காதீர்கள். "இரவு நித்திரை கொண்டனியா?" என்று கேட்டால் போதும், மிச்சத்தை அவளே சொல்வாள். போவதா இருப்பதா என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். நல்ல நோக்கத்தோடு நீங்கள் முடிவெடுத்தாலும், அவளுக்காக முடிவெடுக்க இன்னொருவர் கூடிவிட்டார் என்றுதான் அவளுக்குப் படும்.

வீங்கிய கன்னத்தோடு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 'வழுக்கி விழுந்தேன்' என்று டொக்டரிடம் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்லட்டும். டொக்டர் இன்று எழுதும் குறிப்பு, ஆறு மாதம் கழித்துக் கோட்டில் நிற்கும்போது அவளுக்காகப் பேசும். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்று ஒரு பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பொலிசுக்குப் போகாமலே அங்கே போகலாம், காசு இல்லை.

அடுத்தது வீடு. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அன்புவழிபுரத்து வீடு சீதனமாகக் கட்டிக் கொடுத்தது, மகள் பேரில் உறுதி இருக்கிறது. நம் பக்கத்தில் இது வழக்கம்தானே, பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே கூப்பிடுவது. அப்படியிருந்தும் அடிபட்டவள்தான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறாள், அடித்தவர் அவளுடைய வீட்டில் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுக்கிறார். இதைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், அவர் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீதவான் கட்டளையிட முடியும். வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்றும் கட்டளையிடலாம். இதைக் கேட்பதும் விவாகரத்துக் கேட்பதும் ஒன்று இல்லை. உங்கள் கணவரிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், அவருடைய பயத்தில் பாதி அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

இளையவளின் சம்பந்தம்? மூத்தவள் வீட்டோடு இருக்கிறாள் என்பதற்காக விலகிப்போகிற இடம், நாளைக்கு இளையவள் வந்து நின்றாலும் அனுப்பி வை என்று சொல்லப்போகிற இடம். போகட்டும்.

கடைசியாக, அவள் திரும்பிப் போனாலும் போவாள். ஒரேயடியாக விட்டு வருகிறவர்கள் குறைவு. பலர் போய், வந்து, போய்த்தான் வெளியே வருகிறார்கள். "இந்த முறை போனால் இனி இந்த வாசல்படி மிதிக்காதே" என்று மட்டும் வாயில் வரக்கூடாது. அவர் அடுத்த முறை அடிக்கும்போது அந்த வாக்கியம்தான் அவள் காதில் கேட்கும்.

நான் ஏ.எல். படிக்கிறேன். அப்பா குடித்துவிட்டு வந்தால் அம்மாவுக்கு அடிதான். கடல் தொழில் இல்லாத மாதங்களில் கூடுதல். அடுத்த முறை நான் திருப்பி அடிக்கப் போகிறேன். (மூதூர்)

தம்பி, உன் கை துடிப்பது விளங்குகிறது. ஆனாலும் அடிக்காதே. நீ அடித்தால் அவர் அடித்தது மறைந்து 'பெற்ற தகப்பனுக்குக் கை நீட்டியவன்' என்ற கதைதான் ஊரில் மிஞ்சும். பொலிசில் உன் பேர் பதியும். அதைவிட, நடுவில் புகுந்த பிள்ளைகளுக்கு அலவாங்கால், போத்தலால் விழுந்திருக்கிறது.

நீ செய்யக்கூடியது வேறு. அவர் நிதானமாக இருக்கும் ஒரு பகலில் அம்மாவோடு பேசி ஒரு ஏற்பாடு செய். அம்மா ஒரு சொல் சொன்னால், "அடுப்பைப் பார்" என்பது போல ஏதாவது, நீ தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பின்வாசலால் போய்விட வேண்டும். எந்த வீட்டுக்கு என்பது முன்பே பேசி இருக்க வேண்டும். அங்கிருந்து பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு எடு. சண்டை தொடங்கினால் அம்மா குசினிப் பக்கம் ஒதுங்காமல் பார்த்துக்கொள்ளட்டும், அங்கே கத்தி, மண்ணெண்ணெய், கொதிதண்ணி எல்லாம் இருக்கிறது. உனக்கும் தங்கச்சிக்கும் பேச 1929 இருக்கிறது, சிறுவர்களுக்கான இலக்கம்.

கடல் இல்லாத காலம், கடன், கசிப்பு எல்லாம் அடியைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார். எவ்வளவு வெறியிலும் வள்ளத்து முதலாளிக்கு அவர் கை ஓங்கியிருக்கிறாரா? யாருக்கு அடிக்கலாம் என்பது வெறியிலும் தெரிகிறது. 'குடியை நிறுத்தினால் சரியாகிவிடும்' என்று அம்மா காத்திருந்தால் இதைச் சொல்.

பொலிசுக்குப் போனேன். 'குடும்பப் பிரச்சினை, ஒற்றுமையாகப் போங்கோ' என்று இருவரையும் கூப்பிட்டுக் கதைத்து அனுப்பினார்கள். எழுதியது சிங்களத்தில், வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்தேன்.

நிறையப் பேருக்கு நடப்பதுதான். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி, அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. வாசித்துக் காட்டாத எதிலும் கையெழுத்து வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். 'என்ட்ரி போட்டேன்' என்று பலர் சொல்வார்கள், இலக்கம் கேட்டால் இருக்காது. அடுத்த முறை பெண்கள் சிறுவர் பிரிவில் இருக்கும் பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

பொலிஸ் அசையாவிட்டாலும் வழி அடைபடவில்லை. நீங்களே நேரே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றமும் சரி. அவசரம் என்று நீதவான் கண்டால் இடைக்காலக் கட்டளை தருவார், 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி. விசாரித்தபின் தரும் கட்டளை அதிகபட்சம் 12 மாதம் செல்லும். வீட்டுக்கு, வேலைத்தலத்துக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கு வரக்கூடாது என்பதெல்லாம் அதில் அடங்கும், செலவுக்கு அவசரக் காசும் கேட்கலாம். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். 10,000 ரூபா இன்றைக்கு என்ன காசு என்று கேட்காதீர்கள், சட்டம் 2005இல் எழுதியது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு. படிவத்தில் தடுமாறினால் பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரைத் தேடிப் போங்கள்.

அத்தான் ஒரு தடவை அக்காவின் கழுத்தை நெரித்திருக்கிறார். காயம் ஒன்றும் இல்லை. மற்றபடி அவர் நல்லவர் என்கிறாள்.

இந்த வாரம் வந்ததில் எனக்கு மிகப் பயம் தந்த கடிதம் இதுதான். கன்னத்தில் அறைவதும் கழுத்தைப் பிடிப்பதும் ஒரே கணக்கில் வராது. கழுத்தை நெரித்த கணவன் பின்னர் கொலை வரை போகும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளியே தடம் தெரியாமலே உள்ளே சேதம் இருக்கலாம். குரல் மாறியிருக்கிறதா, விழுங்க நோகிறதா, கண்ணில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் இன்றைக்கே வைத்தியசாலை. மூச்சு முட்டினால் 1990க்கு எடுத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

அவள் விட்டுவர நினைத்தால் அதை அவரிடம் அறிவிக்கக் கூடாது. பிரியப் போகிறாள் என்று தெரிந்த நேரமும் பிரிந்த முதல் மாதங்களும்தான் ஆபத்துக் கூடிய காலம். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், விவாகப் பதிவுப் பத்திரம், வங்கிப் புத்தகம், மாத்திரைகள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் வீட்டுக்கு நகர்த்துங்கள். பெரிய பை கட்டினால் கண்ணில் படும். ரியூஷன் கொப்பிகளுக்கு நடுவே ஒரு பிரவுண் கவர், அவ்வளவுதான். அவளுடைய போனில் இருக்கும் இடம் காட்டும் வசதி அவருக்குத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் விடயம் முஸ்லிம் விவாக வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்தில். வீட்டு வன்முறைச் சட்டம் எங்களுக்கும் உண்டா?

உண்டு. அந்தச் சட்டம் எல்லா இனத்தவருக்கும் ஒன்றுதான். விவாகரத்தும் தாபரிப்பும் காதியிடம் நடக்கட்டும், பாதுகாப்புக் கட்டளையை நீதவானிடம் கேளுங்கள்.

அடிக்கிறது என் மகன். மருமகள் பாவம், வாயே திறக்கமாட்டாள். நான் கேட்டால் 'நீங்க பேசாம இருங்க' என்கிறான். (தம்பலகாமம்)

இப்படி எழுத ஒரு மாமியாருக்கு மனம் வேண்டும். அவன் கோபத்தில் இருக்கும் நேரம் வாய் கொடுக்காதீர்கள், மருமகளுக்குத்தான் பிறகு கூடுதலாக விழும். உறவினர் முன்னால் அவனை மூடி மறைக்காதீர்கள், 'அவளுக்கும் வாய் கூட' என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம். மருமகள் முறைப்பாடு செய்தால் நீங்கள் கண்டதைச் சாட்சியாகச் சொல்வீர்களா? தாய் சொல்லும் சாட்சிக்கு இருக்கும் கனம் வேறு யாருடையதுக்கும் இல்லை. அவளுக்கு இது முன்கூட்டியே தெரிந்தால் அரைவாசித் தைரியம் வரும்.

அவள் இப்போது கர்ப்பமாக இருக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வரும் குடும்பநல மாது அவளோடு தனியாகக் கதைக்க இடம் விடுங்கள். பால் வாங்கப் போவது போல மகனைக் கடைக்கு அனுப்பலாம்.

அடிப்பதில்லை. ஆனால் என் சம்பளக் காட் அவரிடம். அம்மாவோடு கதைத்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். இரவில் நான் வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. இதுவும் வன்முறையா?

ஆம், மூன்றும். தொடர்ந்து கொடுமைப்படுத்துவதையும் இழிவுபடுத்துவதையும் 2005 சட்டம் உளரீதியான துன்புறுத்தல் என்று ஏற்கிறது, பாதுகாப்புக் கட்டளை கேட்க அது போதும். கடைசியாக நீங்கள் எழுதியதில்தான் நம் சட்டம் தலை குனிய வேண்டும். நீதிமன்றத்தின் மூலம் பிரிந்து வாழாத மனைவியைக் கணவன் வற்புறுத்தினால் தண்டனைச் சட்டக்கோவை அதை வல்லுறவாகக் கொள்வதில்லை. அதனால் அது சரியென்று ஆகிவிடாது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கு எடுத்துப் பேசுங்கள், அவர் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து. பிறகு அழைப்புப் பட்டியலில் அந்த இலக்கத்தை அழித்துவிடுங்கள்.

ஆண்களுக்கு அடி விழுந்தால்?

அதே சட்டம், அதே நீதவான். சட்டத்தில் ஆண் பெண் என்று பிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று பயந்து காயத்தோடு இருக்க வேண்டாம்.

அடுத்த வீட்டில் இரவில் சத்தம். அந்தப் பிள்ளையின் குரல் கேட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. தலையிட்டால் நமக்கு ஏன் வம்பு என்கிறார் வீட்டுக்காரர்.

உள்ளே போய்ப் பிரிக்கச் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுங்கள்: "தங்கச்சி, கரண்ட் இருக்கா அங்க?" அல்லது பெனடோல் இருக்கிறதா என்று. வெளியே ஆள் நிற்கிறது என்று தெரிந்தால் பல நேரம் அந்த நிமிடத்துக்கு ஓங்கிய கை இறங்கும். தனியாகப் போகாதீர்கள். ஆயுதச் சத்தமோ 'கொல்லப் போறான்' என்ற அலறலோ கேட்டால் கேட்டடிக்கும் போக வேண்டாம், நேரே 119.

மறுநாள் அவரிடம் நியாயம் கேட்காதீர்கள், 'நீ சொல்லிக் கொடுத்தியா' என்று அவளுக்குத்தான் விழும். அவர் இல்லாத நேரம் அவளிடம் சொல்லுங்கள்: "இரவு எனக்குக் கேட்டது. எந்த நேரமும் எங்கள் பின்கதவைத் தட்டலாம்." அவள் ஒன்றும் இல்லை என்று சிரித்துவிட்டு உள்ளே போகலாம். பரவாயில்லை. இரவில் பின்பக்க லைற்றை அணைக்காமல் விடுங்கள், நாயைக் கட்டி வையுங்கள்.