ஜாக் ஜான்சன் மாதிரி மெதுவான கிட்டார் பாட்டு பண்ணனுமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஜாக் ஜான்சன் பாட்டக் கேட்டுட்டு, நாமளும் இப்படி ஒரு கிட்டார மட்டும் வச்சுக்கிட்டு சொந்தமா எழுதிப் பாடி ரிலீஸ் பண்ணலாமேன்னு நிறைய பேர் இன்பாக்ஸ்ல கேட்டுட்டே இருந்தீங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் போட்டு மாளல, அதான் எல்லாரும் இங்கயே கேளுங்கன்னு சொன்னேன். நான் பாண்டிச்சேரில ஒரு சின்ன ரூம்ல என் பாட்டும் ஃப்ரெண்ட்ஸ் பாட்டும் ரெக்கார்ட் பண்றேன், சாயங்காலம் கிட்டார் கிளாஸ் எடுக்குறேன். ஒரே மாதிரி வந்த கேள்விய சேத்துட்டேன்.

கேள்வி: ப்ரோ, யாரு இந்த ஜாக் ஜான்சன்? பாட்டு ஒண்ணு ரெண்டு கேட்டிருக்கேன், ஆள் யாருன்னே தெரியாது.

பதில்: ப்ரோ இல்ல தம்பி, அக்கா. அவர் ஹவாய்ல ஓவாஹூ தீவோட வடக்குக் கரைல வளர்ந்தவர், 1975ல பொறந்தார். முதல்ல சர்ஃபிங்தான் அவருக்கு எல்லாம். 17 வயசுல பைப்லைன்னு அங்க ஒரு பயங்கரமான அலை இருக்கு, அதுல நடக்குற பெரிய போட்டியோட தகுதிச் சுத்துல ஃபைனல் வரைக்கும் போனார், கொஞ்ச நாள்லயே அதே எடத்துல கீழ இருக்குற பாறைல மோதி மூஞ்சில 150 தையலுக்கு மேல போட்டாங்க, பல்லும் போச்சு. ரொம்ப நாள் தண்ணில எறங்க முடியல, அந்த நேரத்துலதான் கிட்டாரும் பாட்டு எழுதுறதும் நல்லா புடிச்சுக்கிச்சு. அப்புறம் கலிஃபோர்னியால சாண்டா பார்பரால சினிமா படிச்சு சர்ஃபிங் படம் எடுத்தார், 2000ல வந்த படத்துக்கு அவரே மியூசிக்கும் போட்டார். அவரோட டெமோ ரெக்கார்டிங் ஒண்ணு கை மாறி கை மாறி ஜே.பி. ப்ளூனியர்ங்கிற தயாரிப்பாளர் காதுக்குப் போச்சு, 2001ல முதல் ஆல்பம். ப்ளான் பண்ணி மியூசிக்குக்கு வந்த ஆள் இல்ல, அந்த நிதானம் பாட்டுலயும் தெரியும்.

கேள்வி: அக்கா அவர எல்லாரும் இண்டின்னு, அதாவது பெரிய கம்பெனிய நம்பாம சொந்தமா பண்றவர்னு சொல்றாங்க, ஆனா யூனிவர்சல் கம்பெனி பேரு இருக்கே ஆல்பத்துல? இது என்ன கணக்கு?

பதில்: நல்லா பாத்திருக்கீங்க. முதல் ஆல்பம் எஞ்சாய்னு ஒரு சின்ன லேபிள்ல வந்துச்சு, அப்புறம் 2002ல மனைவி கிம், மேனேஜர் எம்மெட் மலாய் இவங்களோட சேந்து ப்ரஷ்ஃபயர்னு சொந்த லேபிள் ஆரம்பிச்சார், கடைக்குக் கொண்டுபோய் சேக்குற வேலைய யூனிவர்சல் பாத்துக்கிச்சு. 2005 ஆல்பம் அமெரிக்க பில்போர்டு ஆல்பம் லிஸ்ட்டுல ரெண்டாவது எடம், அடுத்த வருஷம் ஒரு கொரங்கு கார்ட்டூன் படத்துக்குப் பண்ண ஆல்பம் முதல் எடம். இதையெல்லாம் இண்டின்னு சொல்லலாமான்னு சண்டை போடுறவங்க போடட்டும். என்னப் பொறுத்தவரைக்கும் எந்தப் பாட்டு வரணும், எப்படி வரணும்னு யாரு முடிவு பண்றாங்கன்னு பாக்கணும், அந்தக் கணக்குல அவர் இண்டிதான். 2008 ஆல்பத்த சோலார் கரெண்ட்ல ரெக்கார்ட் பண்றேன்னு நின்னு பண்ணார், அந்த வருஷ டூர் லாபத்தயும் தர்மத்துக்குக் குடுத்தார், வேற ஆளு கைல பேனா இருந்தா இது நடக்குமா?

நம்ம நாட்டுலயே பாக்கணும்னா ப்ரதீக் குஹாட்னு ஒரு பாடகர். ஜெய்ப்பூர்க்காரர், டெல்லில இருந்துகிட்டு 2015ல முதல் ஆல்பத்த தானே வெளியிட்டார், 2018ல வந்த பாட்டு ஒண்ணு அடுத்த வருஷம் ஒபாமா போட்ட பிடிச்ச பாட்டு லிஸ்ட்டுல வந்துச்சு, அதுக்கப்புறம்தான் அமெரிக்க லேபிள் வந்து கதவத் தட்டுச்சு. வரிசையப் பாருங்க, பாட்டு முன்னாடி, லேபிள் பின்னாடி.

கேள்வி: இத ஏன் ராக்னு சொல்றாங்க? எங்கப்பா இது தாலாட்டுங்கிறார்.

பதில்: அப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க, பாதி சரிதான். 1970 சுமாருக்கு ஜேம்ஸ் டெய்லர், கரோல் கிங் மாதிரி ஆளுங்க எலக்ட்ரிக் கிட்டார் சத்தத்தக் கொறச்சு, அக்கூஸ்டிக்கும் பியானோவும் முன்னாடி வச்சு, சொந்தக் கதைய சொந்தக் குரல்ல பாடினாங்க, அதுக்கு சாஃப்ட் ராக்னு பேரு விழுந்துச்சு. சத்தம்தான் கொறஞ்சுது, ராக்கோட தாளம் அடில அப்படியே இருக்கு, நாலு எண்ணிக்கைல ரெண்டாவதும் நாலாவதும் அழுந்தும்.

ஜாக் ஜான்சன் வாசிக்கிறதுல இது பளிச்சுனு தெரியும். ட்ரம்ஸ் இல்லாம தனியா வாசிச்சாலும் தாளம் கேக்கும், ஏன்னா வலது கை ஒண்ணுல தடியான பேஸ் ஸ்ட்ரிங்க கட்டை விரலால எடுக்குது, ரெண்டுல விரல்கள் மொத்தமா ஸ்ட்ரிங் மேல விழுந்து டக்குனு ஒரு சத்தம், சுரம் வராது, வெறும் தட்டு. மூணுல கார்டு (பல சுரம் சேந்து அடிக்கிறது), நாலுல மறுபடி தட்டு. இடது கையும் சும்மா இல்ல, கார்டு அடிச்ச ஒடனே அழுத்தத்த லேசா விட்டுடும், ஸ்ட்ரிங்க விட்டு விரல் எழும்பாது, சத்தம் மட்டும் அறுந்துடும். இந்த ரெண்டு கை வேலையையும் பாட்டே இல்லாம 70 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 70 எண்ணிக்கை) க்ளிக் போட்டு தெனமும் பழகுங்க. கார்டு எவ்வளவு தெரிஞ்சாலும் இந்தத் தட்டு வரலேன்னா அந்த ஃபீல் வராது.

கேள்வி: சிஸ், எனக்கு ஜி, சி, டி, ஈ மைனர்தான் தெரியும். அந்த மிதக்குற மாதிரி சவுண்ட் வரல. நிறைய கார்டு கத்துக்கணுமா?

பதில்: வேணாம், இதே நாலு போதும். மோதிர விரல ரெண்டாவது ஸ்ட்ரிங் (சன்னமான கடைசி ஸ்ட்ரிங்தான் முதல்) மூணாவது ஃப்ரெட்லயும் (கழுத்துல குறுக்க இருக்குற கட்டம்) சுண்டு விரல முதல் ஸ்ட்ரிங் மூணாவது ஃப்ரெட்லயும் வச்சுடுங்க, பாட்டு முடியுற வரைக்கும் அது ரெண்டும் நகரக்கூடாது. ஜி புடிச்சிருக்கீங்கன்னா நடு விரல் ஆறாவது ஸ்ட்ரிங்லயும் ஆள்காட்டி அஞ்சாவதுலயும் இருக்கும், அந்த ரெண்ட மட்டும் அப்படியே ஒரு ஸ்ட்ரிங் தள்ளி வச்சா சி ஆட் 9. ரெண்டையும் ரெண்டாவது ஃப்ரெட்ல அஞ்சு, நாலு ஸ்ட்ரிங்ல வச்சா ஈ மைனர் 7. ஆள்காட்டிய மூணாவது ஸ்ட்ரிங் ரெண்டாவது ஃப்ரெட்டுக்குக் கொண்டு போய், ஆறும் அஞ்சும் அடிக்காம விட்டா டி சஸ் 4. கார்டு மாறுது, மேல ரெண்டு சுரம் மாறாம மணி மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கு, நீங்க சொல்ற மிதப்பு அதுலேர்ந்துதான் வருது.

கேள்வி: கேப்போ (கழுத்துல எல்லா ஸ்ட்ரிங்கயும் சேத்து அழுத்துற க்ளிப்) போட்டா ஏமாத்து வேலைன்னு என் ஃப்ரெண்ட் சொல்றான்.

பதில்: உங்க ஃப்ரெண்ட பாடச் சொல்லுங்க. ஜேம்ஸ் டெய்லரே நிறைய பாட்டுக்கு கேப்போ போட்டுத்தான் வாசிப்பார். மேல சொன்ன ஜி கார்டுக்கு மூணாவது ஃப்ரெட்ல கேப்போ போட்டா பி ஃப்ளாட், கை பழகின எடத்துலயே இருக்கும், குரலுக்கு ஏத்த சுருதி கெடைக்கும். மெதுவா பாடும்போது ரொம்பக் கீழ பாடினா காத்து மட்டும்தான் வரும் சுரம் வராது, அதனால ஒவ்வொரு ஃப்ரெட்டா ஏத்திப் பாத்து குரல்ல கொஞ்சம் வெளிச்சம் வர்ற எடத்துல நிறுத்துங்க.

கேள்வி: தமிழ்ல எழுதினா டப்பிங் பாட்டு மாதிரியே வருது மேடம். இங்கிலீஷ்ல எழுதினா நல்லா உக்காருது. தமிழுக்கு இந்த ஸ்டைல் ஒத்து வராதோ?

பதில்: ஒத்து வராதா? 1982ல இளைய நிலா வந்தப்போ அந்த கிட்டாருக்காகவே எத்தன பேர் கிட்டார் வாங்கினாங்கன்னு பழைய ஆளுங்களக் கேளுங்க. பிரச்சன மொழில இல்ல, நீங்க இங்கிலீஷ் மெட்டு ஒண்ண மனசுல வச்சுட்டு அதுக்குள்ள தமிழத் திணிக்கிறீங்க.

இங்கிலீஷ்ல வரி முடியுற எடத்துல பெரும்பாலும் ஒத்த அசை வார்த்தை வந்து அழுத்தமா நிக்கும், அத நாலு மாத்திரைக்கு இழுக்கலாம். நம்ம வார்த்தைல கனம் முன்னாடி இருக்கு, வால் நீளம். "நினைத்துக்கொண்டிருக்கிறேன்"னு எழுதிட்டு கடைசி அசைய இழுத்தா அது டப்பிங் மாதிரிதான் கேக்கும். பேசுற மாதிரியே "நெனச்சுட்டிருக்கேன்"னு எழுதி கடைசிய சீக்கிரம் முடிச்சுட்டு அந்த காலி எடத்த கிட்டாருக்கு விடுங்க. இன்னொண்ணு, நீட்டுற எடத்துல நெடில் வரட்டும். குறில நீட்டினா படம் பாடமாயிடும், விடு வீடாயிடும், கேக்குறவங்க ஒரு நொடி முழிப்பாங்க, வேகமான பாட்டுல அது கடந்து போயிடும், மெதுவான பாட்டுல ஒளிய எடமே இல்ல. நான் முதல்ல மெட்ட "லா லா"ன்னு பாடி ஃபோன்ல வச்சுட்டு, எங்க நீளுதுன்னு கோடு போட்டு, அந்தக் கோட்டுல ஆ, ஏ, ஓ வர்ற வார்த்தையத் தேடுவேன், அப்புறம்தான் மத்த வரி.

கேள்வி: வீட்ல ரெக்கார்ட் பண்ணா ரோட்டு ஹார்ன், ஃபேன், பக்கத்து வீட்டு குக்கர் எல்லாம் வருது. ஸ்டுடியோ போக காசு இல்ல. என்ன மைக் வாங்கறது?

பதில்: மைக்க விடுங்க, முதல்ல ரூம். சின்ன சத்தத்தயும் புடிக்கிற நல்ல கண்டென்சர் மைக் வாங்கி மொசைக் தரையும் வெறும் செவுருமா இருக்குற ஹால்ல வச்சா அந்த ஹாலத்தான் அழகா ரெக்கார்ட் பண்ணும், குக்கர் விசிலோட. இரைச்சல் ஜாஸ்தியான வீடுன்னா பாட்டுக்கு ஒரு சாதாரண டைனமிக் மைக்கே நல்லது, பக்கத்துல இருக்குறதுதான் அதுக்கு அதிகமா கேக்கும். துணி நெறஞ்ச பீரோவத் திறந்து வச்சு அதுக்கு முதுக காட்டி உக்காருங்க, பாட்டுக்கு மைக் முன்னாடி இருக்கு, உங்க பின்னாடி இருந்து திரும்பி வர்ற சத்தத்த துணி தின்னுடும். மெத்தைய நிமித்தி பக்கவாட்டுல சாய்ங்க.

கிட்டாருக்கு எல்லாரும் அந்த ஓட்டைக்கு நேரா மைக் வப்பாங்க, பூம் பூம்னுதான் வரும். கழுத்தும் உடம்பும் சேர்ற எடம், 12வது ஃப்ரெட் பக்கம், ஒரு ஜாண் இல்ல ஒண்ணரை ஜாண் தள்ளி வச்சு லேசா ஓட்டைப் பக்கம் திருப்புங்க. ஹெட்ஃபோன் போட்டுட்டு மைக்க ரெண்டு விரல் அளவு நகத்தினாலே வேற கிட்டார் மாதிரி கேக்கும், அந்த நகத்துறதுக்கு நேரம் செலவு பண்ணுங்க, அப்புறம் ஈக்யூல (பேஸ், ட்ரெபிள் ஏத்தி எறக்குறது) மல்லுக்கட்ட வேண்டாம். 24 பிட்ல ரெக்கார்ட் பண்றதா இருந்தா லெவல் செவப்பத் தொடணும்னு அவசியமே இல்ல, அதிக பட்சம் -10 டெசிபல் பக்கம் நின்னா போதும். கண்டென்சர்னா இன்டர்ஃபேஸ்ல (மைக்க கம்ப்யூட்டரோட சேக்குற பொட்டி) 48 வோல்ட் பட்டன் போட மறக்காதீங்க, மைக் செத்துப்போச்சுன்னு எனக்கு வர்ற ஃபோன்ல முக்காவாசி அந்தப் பட்டன்தான்.

நான் ராத்திரி ஒரு மணிக்கு மேலதான் உக்காருவேன். ஃபேன நிறுத்திட்டு, ஃப்ரிட்ஜ் ப்ளக்க புடுங்கிட்டு (சாவிய ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சுடுவேன், அப்பத்தான் மறுபடி போட ஞாபகம் வரும்). என் பாட்டு ஒண்ணுல ரெண்டாவது சரணத்துல பல்லி கத்துறது இருக்கு. தாளத்துல விழுந்துச்சு, விட்டுட்டேன்.

கேள்வி: நான் சென்னைல பெசன்ட் நகர். ஒரு வருஷத்துல கிட்டார் ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கிற ஒசரம்) மேல ஏறிடுச்சு, ஸ்ட்ரிங்கும் துரு.

பதில்: கடக்கரை வீட்ல ஈரப்பதம். மரம் தண்ணி குடிச்சு மேல் பலகை உப்பும், ஸ்ட்ரிங் ஒசந்துடும். கிட்டாருக்கு 45லேர்ந்து 55 சதவீதம் ஈரப்பதம் சொகம், உங்க ஏரியால அதெல்லாம் கனவு. செவுத்துல மாட்டாம கேஸ்ல சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைங்க, வாசிச்சு முடிச்சதும் ஸ்ட்ரிங்கத் துடைங்க, அடுத்த தடவ கோட்டிங் போட்ட பாஸ்ஃபர் ப்ரான்ஸ் ஸ்ட்ரிங் மாத்துங்க, வெல ஜாஸ்திதான் ஆனா உப்புக்காத்துல தாங்கும். ஆக்ஷனக் கொறைக்கிறேன்னு சேடில (ஸ்ட்ரிங் மேல உக்காந்திருக்குற வெள்ளைப் பட்டை) நீங்களே தேய்க்காதீங்க.

கேள்வி: என் பாட்டு மத்த பாட்டோட சேத்துக் கேட்டா ரொம்ப சன்னமா இருக்கு. லிமிட்டர (பெரிய சத்தத்த அமுக்கி மொத்தத்தயும் ஏத்துற கருவி) போட்டு ஏத்தவா?

பதில்: ஏத்தி என்ன பண்ணப் போறீங்க? ஸ்பாட்டிஃபை மாதிரி எடத்துல சுமார் -14 எல்.யூ.எஃப்.எஸ். (பாட்டோட சராசரி சத்த அளவு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் கொண்டு வந்துடுவாங்க, நீங்க நசுக்கி -8க்கு ஏத்திக் குடுத்தா அவங்க எறக்கிடுவாங்க, நசுங்கினது மட்டும் மிச்சம். இந்த மாதிரி பாட்டுல விரல் ஸ்ட்ரிங்க உரசுறது, மூச்சு எடுக்குறது, இதெல்லாம்தான் ஆள் பக்கத்துல இருக்குற மாதிரி காட்டுது. லிமிட்டர இழுத்து வச்சா மூச்சும் பாட்டும் ஒரே ஒசரத்துக்கு வந்து கேக்கவே எரிச்சலாயிடும்.

கேள்வி: காசு வருமா அக்கா? நேரா சொல்லுங்க.

பதில்: நேரா சொன்னா, ஸ்ட்ரீமிங்ல மட்டும் வராது. 2024லேர்ந்து ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு கடைசி 12 மாசத்துல 1000 தடவையாச்சும் ஓடியிருந்தாத்தான் அதுக்குக் கணக்கே போடுவாங்க. பாட்ட ஸ்ட்ரீமிங் ஆப்ல ஏத்திக் குடுக்குற டிஸ்ட்ரிப்யூட்டர்ல சில பேர் வருஷ சந்தா, சில பேர் வர்றதுல பங்கு, வருஷத்துக்கு ரெண்டு பாட்டு போடுற ஆளுன்னா பங்கு எடுக்குறவங்களே லாபம், சந்தா கட்ட மறந்தா பாட்டு எறங்கிடுற எடமும் இருக்கு, படிச்சுட்டுச் சேருங்க.

நிறைய பேர் விட்டுடுறது ஐ.பி.ஆர்.எஸ். உறுப்பினர் ஆகுறது, பாட்டு எழுதுறவங்களுக்கும் மெட்டுப் போடுறவங்களுக்கும் ராயல்டி வசூல் பண்ணித் தர்ற சொசைட்டி அது. பாட்டு எழுதினவர், மெட்டுப் போட்டவர்னு ரெண்டு உரிமை, ரெக்கார்டிங் உரிமை தனி. டிஸ்ட்ரிப்யூட்டர் அனுப்புற காசு ரெக்கார்டிங்குக்கு, எழுதினதுக்கும் மெட்டுக்கும் இங்கதான் வரும். 2012ல சட்டம் திருத்தினதுலேர்ந்து எழுதினவங்களோட ராயல்டி பங்க வாரிசுக்கோ இந்த மாதிரி சொசைட்டிக்கோ தவிர வேற யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது, யாராச்சும் ஒப்பந்தத்துல "ராயல்டி எல்லாத்தையும் விட்டுக் குடுக்கிறேன்"னு போட்டு நீட்டினா கையெழுத்துப் போடாம ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. ரெண்டு பேர் சேந்து பண்ணா யாருக்கு எத்தன சதவீதம்னு அன்னைக்கே வாட்ஸ்அப்ல எழுதி ரெண்டு பேரும் ஓகே போட்டுடுங்க, பாட்டு ஓடினதுக்கப்புறம் பேசினா நட்பு போயிடும்.

கேள்வி: ஒருத்தர் காசு குடுத்தா 50 ஆயிரம் ஸ்ட்ரீம் தர்றேங்கிறார், போகலாமா?

பதில்: போகாதீங்க. போலி ஸ்ட்ரீம்னு கண்டுபுடிச்சா டிஸ்ட்ரிப்யூட்டருக்கு அபராதம், அவங்க உங்க பாட்டத் தூக்கிடுவாங்க.

கேள்வி: கஃபேல வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க. போன தடவ கிட்டார் ஊளையிட்டுச்சு, யாரும் கேக்கவும் இல்ல, எல்லாம் பேசிட்டே இருந்தாங்க.

பதில்: ஊளைக்கு, கிட்டார் ஓட்டைய மூடுற ரப்பர் வட்டம் ஒண்ணு விக்கிறாங்க, அதப் போடுங்க, ஸ்பீக்கருக்குப் பின்னாடி நில்லுங்க, பேஸக் கொறைங்க. பேசுறவங்கள அடக்க சத்தத்த ஏத்தாதீங்க, அவங்களும் ஏத்துவாங்க. முதல் பாட்டு தட்டு இருக்குற பாட்டா வைங்க, ரெண்டாவதும் அப்படியே, மூணாவதா உங்க மெதுவான பாட்ட எடுங்க. சவுண்ட் செக்க கஃபே காலியா இருக்கும்போதே முடிச்சுடுங்க, ஸ்பேர் ஸ்ட்ரிங் ஒரு செட்டும் ட்யூனருக்கு பேட்டரியும் பையில இருக்கட்டும், காசு விஷயத்த வாசிக்கிறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.