பெரிய தொட்டி, பல சிக்லிட்: எது எதனோடு சேரும்?

பெரிய தொட்டியில் சிக்லிட் (ஏஞ்சல், ஆஸ்கார், டிஸ்கஸ் எல்லாம் அடங்கிய மீன் குடும்பம்) வளர்ப்பது பற்றி எனக்கு வந்த கேள்விகளில் பாதி, தொட்டி வாங்கும் முன் எழுதியவை. மீதி, மீனையும் விட்ட பிறகு பதறிப்போய் எழுதியவை. முதல் வகையினருக்குப் பாராட்டு. இரண்டாவது வகையில் நானும் பல வருடம் இருந்தவன்தான், அதனால் திட்டப் போவதில்லை.

கேள்வி: ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி தயார். மலாவி மீன்கள், ஏஞ்சல், ஒரு ஆஸ்கார் எல்லாவற்றையும் ஒன்றாக விடலாமா? தொட்டிதான் பெரிதாயிற்றே.

வேண்டாம். உங்கள் தொட்டி ஏறக்குறைய 680 லிட்டர் பிடிக்கும், நல்ல அளவுதான். ஆனால் இந்தப் பட்டியலில் சிக்கல் இடத்தில் இல்லை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் இருப்பது கார நீர், பிஎச் 8 பக்கம் இருக்கும். ஏஞ்சல் அமேசான் பகுதியின் மென்னீரில் பிறந்தது. அதன் நீண்ட துடுப்புகளை மலாவி மீன்கள் கடித்துக் கந்தலாக்கிவிடும். ஆஸ்காரோ 30 சென்டிமீட்டர் வரை வளரும், தன் வாயில் அடங்குவது எதுவானாலும் அதற்கு இரைதான்.

கடையில் நீங்கள் பார்ப்பது விரல் நீளக் குட்டி. அந்த வயதில் எல்லாம் எல்லாவற்றோடும் சேரும். சேர்க்கையை முடிவு செய்யும்போது வளர்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிடத் தயாரான மீனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மீன் இல்லாவிட்டால் இந்தத் தொட்டியே வேண்டாம் என்று தோன்றுகிறதோ, அந்த ஒன்றை முதலில் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குத் தகுந்தபடி அமையட்டும்.

கேள்வி: மேலே கேட்டவன்தான். சரி, ஏஞ்சல். அதனோடு என்னவெல்லாம் விடலாம்?

நல்ல தேர்வு. ஆறு குட்டிகளாக வாங்கி வளர விடுங்கள், ஜோடியை அவையே தேடிக்கொள்ளும். நாமாக ஆண், பெண் என்று ஊகித்து இரண்டு வாங்கினால் பெரும்பாலும் தப்பாகிவிடும்; வெளித்தோற்றத்தை வைத்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அடித்தளத்துக்கு ஜியோஃபேகஸ். மணலை வாயில் அள்ளி, இரையைச் சலித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாகத் துப்பும். மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் மெல்லிய மணல் கட்டாயம், கூழாங்கல் போட்டால் அதன் பிழைப்பே போச்சு. கீஹோல் சிக்லிட் பரம சாது. பொலிவியன் ராம், எலக்ட்ரிக் ப்ளூ அகாரா இரண்டும் ஒத்துப்போகும். இத்தனையையும் ஒரே தொட்டியில் அடைக்க வேண்டாம். ஏஞ்சலோடு ஒரு கூட்டம் ஜியோஃபேகஸ், இன்னும் ஒரு வகை, போதும்.

நியான் டெட்ரா மட்டும் கூடாது. குட்டி ஏஞ்சலோடு ஆறு மாதம் ஒழுங்காக நீந்தும். பிறகு ஒருநாள் காலை எண்ணினால் நான்கு குறையும். ஏஞ்சலைக் குற்றம் சொல்ல முடியாது, ஒல்லியான சின்ன மீன் அதற்கு இயற்கையிலேயே இரை. உடல் அகன்ற, உயரமான டெட்ராக்கள் தப்பிக்கும். செர்பே டெட்ரா வேண்டாம், அது ஏஞ்சலின் துடுப்பைக் கடிக்கும்.

கேள்வி: ஏஞ்சலோடு டிஸ்கஸ்?

சேரும், ஆனால் நான் செய்ய மாட்டேன். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் ஏஞ்சல் முந்திக்கொள்ளும், டிஸ்கஸ் யோசித்து யோசித்துத்தான் வரும். டிஸ்கஸுக்கென்று தொட்டி வைத்தால் அந்தச் சூட்டைத் தாங்கும் ஜெர்மன் ராமையும் கார்டினல் டெட்ராவையும் துணைக்கு விடுங்கள்.

கேள்வி: எனக்கு ஆஸ்கார்தான் வேண்டும் அண்ணா. துணைக்கு என்ன விடலாம்?

உன் தொட்டி அளவைச் சொல்லவில்லையே தம்பி. ஆறடி என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு ஆஸ்கார், ஒரு செவரம், ஐந்தாறு சில்வர் டாலர். ஆஸ்கார் விழுங்க முடியாத அளவுக்கு மற்றவை முதலிலேயே வளர்ந்திருக்க வேண்டும். கோரிடோரஸ் என்ற சின்னக் கெளுத்தி கூடவே கூடாது. ஆஸ்கார் அதை விழுங்கப் பார்க்கும். கோரிடோரஸ் தன் முள்ளை விறைத்துக்கொள்ள, அது தொண்டையில் சிக்கி இரண்டுமே சாகும்.

உயிரோடு தங்க மீனை இரையாகப் போடும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடு. நோய் வரும் என்பது ஒரு பக்கம். தங்க மீனில் இருக்கும் தயாமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினைச் சிதைக்கும், அதையே தொடர்ந்து தின்றால் ஆஸ்கார் பலவீனப்படும்.

கேள்வி: எம்புனா வகைகளை நெருக்கமாக வளர்த்தால்தான் சண்டை குறையும் என்கிறார்கள். கேட்கவே விசித்திரமாக இருக்கிறது.

விசித்திரம்தான், ஆனால் உண்மை. எம்புனா என்றால் மலாவி ஏரியில் பாறைகளை ஒட்டி வாழ்பவை. ஆண் ஒவ்வொன்றும் ஒரு பாறை இடுக்கைப் பிடித்துக்கொண்டு, நெருங்குபவனை விரட்டும். ஏரியில் விரட்டப்பட்டவன் ஓடிப்போய்விடுவான். தொட்டியில் எங்கே ஓடுவது? ஐந்தாறு மீன் மட்டும் இருந்தால் தலைவன் ஏதாவது ஒன்றையே குறிவைத்து நாள் முழுக்கத் துரத்திக் கொன்றுவிடும். முப்பது மீன் இருந்தால் யாரைத் துரத்துவது என்றே தெரியாது. அடி பலருக்கும் பிரிந்து போவதால் எல்லோரும் தாங்கிக்கொள்வார்கள்.

இதைச் செய்யச் சில நிபந்தனைகள் உண்டு. ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் வேண்டும். நிறத்திலும் வரியிலும் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு இனங்களைச் சேர்க்கக் கூடாது, தன் இனம் என்று நினைத்துத்தான் அடித்துக்கொள்ளும். நீல வரியோடு டெமசோனி வைத்திருந்தால் இன்னொரு நீல வரி மீன் வேண்டாம். டெமசோனி தன் இனத்தையே பொறுக்காது. பன்னிரண்டுக்கு மேல் வையுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எல்லோ லேப் இவற்றில் சாந்தமானது, புதியவர்கள் அதில் தொடங்கலாம். அவுரடஸ் குட்டியில் மஞ்சளும் கறுப்பும் வரி வரியாகக் கண்ணைப் பறிக்கும். அந்த அழகை நம்பி வாங்காதீர்கள். வளர்ந்த ஆண் அவுரடஸ் ஒன்று போதும், தொட்டியே காலியாகிவிடும்.

அப்புறம், கூட்டம் கூடினால் கழிவும் கூடும். அந்தக் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கிறது, அதில் ஒன்றுதான் கடும் நஞ்சு. பிஎச் 7-இலிருந்து 8-க்கு ஏறினால் அந்த நஞ்சின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். அமேசான் தொட்டியில் தாங்கிக்கொள்ளக்கூடிய தவறு மலாவி தொட்டியில் உயிரை வாங்கும். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் நன்றாக ஊன்ற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், அதற்கு முன் முப்பது மீனை இறக்க வேண்டாம்.

பாறையைத் தொட்டியின் அடிப்பரப்பில் நேரடியாக வைத்து, பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் பாறையை அடுக்கினால் இவை தோண்டித் தோண்டிச் சரித்துவிடும். கண்ணாடி போனால் அறுநூறு லிட்டர் தண்ணீர் தரையில்.

கேள்வி: எம்புனாவுக்கு மாட்டு இதயம் கொடுக்கலாமா? டிஸ்கஸ் வளர்க்கும் நண்பர் கொடுக்கிறார்.

கூடாது. எம்புனாவில் பெரும்பாலானவை பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்பவை, குடல் நீளமானது. அந்த இறைச்சி செரிக்காது. வயிறு வீங்கி, சாப்பிடாமல் மூலையில் ஒதுங்கும். மலாவி ப்ளோட் என்பார்கள், பிழைப்பது அபூர்வம். ஸ்பைருலினா பாசி கலந்த உணவு போதும்.

கேள்வி: பீகாக்கையும் எம்புனாவையும் சேர்க்கலாமா?

ஒரே ஏரி, ஒரே தண்ணீர், ஆனால் குணம் வேறு. பீகாக் மணலில் பூச்சி தேடித் தின்னும் சாது. எம்புனா மிரட்டினால் நிறமே மங்கிவிடும், எதற்காக வாங்கினோமோ அதுவே போய்விடும். எல்லோ லேப் மட்டும் பரவாயில்லை. வண்ணம்தான் நோக்கம் என்றால் ஆண் பீகாக்குகளை மட்டும், இனத்துக்கு ஒன்றாக வையுங்கள். பெண் இல்லாத தொட்டியில் சண்டைக்குக் காரணம் பாதி குறையும். பெண் பீகாக்குகளைக் கலந்து விட்டால் எது எந்த இனம் என்று தெரியாது, கலப்புக் குஞ்சுகள்தான் மிஞ்சும்.

கேள்வி: ஃப்ளவர்ஹார்னுக்குத் துணை?

கண்ணாடிக்கு வெளியே நீங்கள்.

கேள்வி: கான்விக்ட் சின்ன மீன்தானே? பெரிய தொட்டியில் ஒரு ஜோடி விட்டால் என்ன?

இதை நானே செய்து பார்த்திருக்கிறேன். ஆறடித் தொட்டி, விரல் நீள ஜோடி ஒன்று. மூன்று மாதம் நல்ல பிள்ளைகள். முட்டையிட்டதும் தொட்டியின் முக்கால் பங்கு அவர்களுடையது. அவற்றைவிட இரண்டு மடங்கு பெரிய செவரம், இரண்டு ஃபயர்மவுத், எல்லாம் ஒரு மூலையில் அடுக்கி வைத்தது போல் நின்றன. ஃபயர்மவுத் செவுளை விரித்து, சிவப்புத் தொண்டையைக் காட்டி மிரட்டிப் பார்த்தது. அது வெறும் சவடால் என்று கான்விக்டுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் ஜோடியை வேறு தொட்டிக்கு மாற்றினேன். அடுத்த முட்டைக்கு இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

கேள்வி: புதிதாக விடும் மீனைப் பழைய மீன்கள் அன்றே கொன்றுவிடுகின்றன. வழி உண்டா?

பழைய மீனுக்கு ஒவ்வொரு கல்லும் தன் வீட்டு வேலி. புது மீனை விடும் முன் பாறைகளை இடம் மாற்றி அடுக்கிவிடுங்கள், அப்போது எல்லோருமே புதியவர்கள். ஒவ்வொன்றாக விடாமல் மூன்று நான்காக விடுங்கள். விளக்கை அணைத்து, பழையவற்றுக்கு வயிறாரத் தீனி போட்ட பிறகு விடுங்கள். தொடக்கத்திலிருந்தே அமைப்பவர்கள் சாதுவான மீனை முதலிலும் முரடனைக் கடைசியிலும் இறக்கினால் பாதிப் பிரச்சினை வராது. எந்தப் புது மீனானாலும் நோய் இருக்கிறதா என்று மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும்.

கேள்வி: ஒரு பெண் எல்லோ லேப் ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை. தாடை உப்பியிருக்கிறது. மருந்து போடட்டுமா? ஒரு புள்ளி சினோடோன்டிஸ் கெளுத்தியும் தொட்டியில் இருக்கிறது.

மருந்தைக் கீழே வையுங்கள். வாயில் முட்டை இருக்கிறது. மலாவி மீன்களில் பெரும்பாலானவை முட்டைகளை வாயில் வைத்தே குஞ்சு பொரிக்கும், ஏறக்குறைய மூன்று வாரம் பட்டினி. துரத்திப் பிடித்தால் பயத்தில் துப்பிவிடும். தொட்டியிலேயே விட்டாலும் குஞ்சுகளில் ஒன்றிரண்டு பாறை இடுக்கில் தப்பும். எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டுமானால் விளக்கை அணைத்துவிட்டு, மெதுவாக எடுத்துச் சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள்.

உங்கள் சினோடோன்டிஸ் எந்த வகை என்று பாருங்கள். டாங்கனிக்கா ஏரியின் மல்டிபங்க்டேடஸ் என்றால், சிக்லிட் முட்டையிடும் சமயத்தில் தன் முட்டையையும் நடுவில் கலந்துவிடும், குயில் மாதிரி. தாய் அதையும் சேர்த்து வாயில் எடுத்துக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முதலில் பொரிந்து, வாய்க்குள்ளேயே மற்றவற்றைத் தின்று வளரும். மூன்று வாரம் கழித்து வாயிலிருந்து மீசையோடு ஏதாவது எட்டிப் பார்த்தால் பயந்துவிடாதீர்கள்.