மாஃபுஷியில் தங்கிக்கொண்டு ரிசார்ட்டுக்கு ஒருநாள் போய்வரலாமா?

கேள்வி: சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். பொங்கல் விடுமுறையில் மாலத்தீவு போகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. நான்கு இரவும் மாஃபுஷி தீவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தங்கல். ரிசார்ட்டில் தங்குகிற அளவுக்கு வசதியில்லை, ஒருநாளாவது போய்வர ஆசை. நான், கணவர், 7 வயது மகள், மூட்டுவலி உள்ள அத்தை. கணவர் கிணற்றில் நீந்திப் பழகியவர், மற்ற யாருக்கும் நீச்சல் தெரியாது. அத்தை சைவம். கொடுக்கிற காசுக்கு இது பிரயோஜனமா? எந்த ரிசார்ட் நல்லது?

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். காட்பாடியில் உட்கார்ந்து பயண ஏற்பாடு செய்கிற என்னிடம் மாலத்தீவு போகிற குடும்பங்கள் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். பணம் வீணாகப் போனவர்கள் எல்லாரும் ஒரே காரணத்தால்தான் வீணாக்கினார்கள், படத்தைப் பார்த்து ரிசார்ட்டைப் பிடித்தார்கள். உங்கள் வீட்டில் பாதிப்பேர் தண்ணீரில் இறங்கத் தயங்குவார்கள், அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம்: படகில் எவ்வளவு நேரம், கரையோரக் கடல் எவ்வளவு ஆழம்.

முதலில் டே பாஸில், அதாவது தங்காமல் பகலில் மட்டும் போய்வருகிற அனுமதியில், என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். காலை ஒன்பது பத்து மணிக்குப் படகு, மதியம் பஃபே சாப்பாடு, குடிக்க ஏதாவது, நீச்சல் குளம், கடற்கரை, சாயங்காலம் திரும்பும் படகு. பெரும்பாலும் அவ்வளவுதான். இணையத்தில் எல்லாரும் பகிர்கிற, கடலுக்கு மேலே கட்டிய மர வீடுகளின் நடைபாதையில் பல இடங்களில் தங்கும் விருந்தாளிகளை மட்டும்தான் விடுவார்கள். அந்தப் படம் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அங்கே போய் முகம் வாட வேண்டாம். பகலில் சாய்ந்து படுக்க ஒரு அறை தனிக் கட்டணத்துக்குத் தருவார்களா என்றும் கேளுங்கள், அத்தைக்காக அது அவசியம். இல்லையென்றால் குளிக்கவும் துணி மாற்றவும் இடம் உண்டா என்றாவது உறுதி செய்துகொள்ளுங்கள், உப்புத் தண்ணீரோடு ஈரத்துணியில் படகேறுவது வயதானவர்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

அடுத்தது விலை. டாலரில் ஒரு தொகை சொல்லி, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அது முழு விலை இல்லை. அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 17 சதவீதம் சுற்றுலா வரி (2025 ஜூன் வரை இது 16 ஆக இருந்தது). ஆக 100 டாலர் என்பது கையை விட்டுப் போகும்போது கிட்டத்தட்ட 129 டாலர். நாலு பேருக்குப் பெருக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். "படகு, வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாரும் மது அருந்துவதில்லை என்றால் மது சேர்ந்த பேக்கேஜை எடுக்காதீர்கள், விலை வித்தியாசம் அதில்தான் ஒளிந்திருக்கிறது. மகளின் வயதையும் சொல்லுங்கள், குழந்தைகளுக்குப் பல இடங்களில் கட்டணம் குறைவு. ஜனவரி அங்கே உச்ச சீசன், ரிசார்ட் நிறைந்திருந்தால் வெளியாட்களை எடுக்கவே மாட்டார்கள், அதனால் இங்கிருந்தே பேசிவிடுவது நல்லது.

எந்த ரிசார்ட் என்றால், மாஃபுஷி இருக்கும் தெற்கு மாலே அட்டோலுக்குள்ளேயே (அட்டோல் என்றால் வளையம் போல அமைந்த தீவுக்கூட்டம்) பாருங்கள். கரையிலிருந்து இறங்கினதும் ஆழமில்லாமல் விரிந்து கிடக்கும் லகூன் (பவளப்பாறைக்கு உட்பக்கம் அமைதியாக இருக்கும் கடல்) வேண்டும் என்றால் ஒல்ஹுவேலி. கரைக்குப் பக்கத்திலேயே பவளப்பாறையும் மீன்களும் வேண்டும் என்றால் ஃபிஹால்ஹோஹி, ஆனால் அது நீந்தத் தெரிந்தவர்களுக்குத்தான் முழுசாகப் பயன்படும். உங்களுக்கு நான் முதலில் ஒல்ஹுவேலியைத்தான் கேட்கச் சொல்வேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் மகளும் அத்தையும் பயமில்லாமல் நிற்கலாம், மூட்டுவலிக்காரர் நிற்க அதைவிட இதமான இடம் இல்லை.

படகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அத்தையின் நாள் நன்றாகப் போவதும் கெடுவதும் அங்கேதான். ஏலகிரி ஏரியில் மிதிபடகு ஓட்டுவது போல நினைத்து ஸ்பீட்போட்டில் ஏறக்கூடாது. முன்பக்கம் அலையில் தூக்கித் தூக்கிப் போடும், இடுப்பும் முதுகும் அதிரும். எல்லாரும் காட்சிக்காக முன்னால் ஓடுவார்கள், நீங்கள் அத்தையைப் பின்பக்கம், எஞ்சினை ஒட்டிய இருக்கையில் உட்கார வையுங்கள். ஏறும்போது படகு மேலும் கீழும் ஆடும், அது மேலே வரும் நேரம் பார்த்துக் காலை வைக்க வேண்டும், படகுக்காரர்களே கையைப் பிடித்து ஏற்றுவார்கள், கூச்சப்படாமல் கையைக் கொடுக்கச் சொல்லுங்கள். குமட்டல் மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், அத்தை வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறவர் என்றால் வேலூரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவரின் கிணற்று நீச்சல் கைகொடுக்கும். ஆனால் கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், கடல் இழுக்கும். லகூன் முடிந்து பாறை விளிம்பு தாண்டினால் சட்டென்று ஆழம், தீவுகளுக்கு இடையிலுள்ள கால்வாய்களில் நீரோட்டமும் பலமாக இருக்கும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் விளிம்புப் பக்கம் போகவே வேண்டாம். இன்னொன்று, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மீன் பார்க்க உதவும், குழாய் வைத்த ஸ்நார்க்கல் மாஸ்க்கை அங்கே போய் முதல்முறை மாட்டினால் வாயால் மூச்சுவிடுவது பிடிபடுவதற்குள் பாதி நாள் போய்விடும். ஒரு மாஸ்க் வாங்கி, கிளம்புவதற்கு முன் உள்ளூர் நீச்சல் குளத்தில் சில சாயங்காலம் பழகிக்கொள்ளுங்கள், மகளுக்கும் சேர்த்துத்தான். பவளத்தின் மேல் காலை ஊன்றாதீர்கள், அது உயிருள்ளது, உங்கள் காலையும் கிழிக்கும்.

"வேலூர் வெயிலையே பார்த்தவர்கள் நாங்கள்" என்று பலர் சொல்லிவிட்டுப் போவார்கள். அங்கே காற்று அடித்துக்கொண்டே இருக்கும், வெள்ளை மணல் காலைச் சுடாது, அதனால் வெயில் உறைப்பதே தெரியாது. மீன் பார்க்கக் குப்புற மிதக்கிறவர்களுக்கு முதுகும் கழுத்தும் தொடையின் பின்பக்கமும் சிவந்து போய், அன்றிரவு மல்லாந்து படுக்க முடியாது. தேங்காய் எண்ணெய் இதைத் தடுக்காது. கை நீளமான நீச்சல் சட்டை போடுங்கள், வெளியே தெரிகிற இடத்தில் சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. அத்தை கரையில் புடவையோடு இருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், நீச்சல் குளத்துக்கு மட்டும் அதற்கான உடை கேட்பார்கள்.

சாப்பாட்டில் அத்தைக்குச் சோறு, பருப்பு, ரொட்டி, பழம் கிடைக்கும். தேங்காய்த் துருவலோடு பிசைந்து வைத்திருப்பது எதுவானாலும் கேட்டுவிட்டுத் தொடச் சொல்லுங்கள், மாசி என்கிற மீன் கருவாடு கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எந்த நாள் போவது? கடைசி நாளில் வைக்காதீர்கள், கடல் கொந்தளித்துப் படகை நிறுத்திவிட்டால் மாற்று நாள் கையில் இருக்க வேண்டும். உங்கள் நான்கு நாளில் வெள்ளிக்கிழமை வந்தால் அதை எடுக்கலாம். அன்று மாஃபுஷியில் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும், அரசுப் படகும் பெரும்பாலும் ஓடாது, ரிசார்ட்டில் எதுவும் நிற்காது. ரிசார்ட் படகு அன்று எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் கடிகாரம். மாலத்தீவு நேரம் நம்மைவிட அரை மணி பின்னால். ஆனால் சில ரிசார்ட்டுகள் தங்கள் தீவுக்குள் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் வைத்து ஓட்டுகின்றன. திரும்பும் படகு ஐந்தரை என்றால் எந்த ஐந்தரை என்று இறங்கினதும் கேளுங்கள், அந்தப் படகை விட்டால் தனிப்படகு வைத்துத்தான் வரவேண்டும்.

விசாவுக்குக் காசு கிடையாது. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம், பணம் கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள். வழிபாட்டு விக்கிரகங்களை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது, அத்தை பையில் சின்ன முருகரை வைக்கிற பழக்கமுள்ளவர் என்றால் அவர் வீட்டுப் பூஜையறையிலேயே இருக்கட்டும். வரும்போது பவளத் துண்டுகளை எடுத்துவருவதும் சட்டப்படி தடை, மகளிடம் இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள்.